நாலு சக்கரமும் ஒரு காபி டம்ளரும்

வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா காபித் தட்டோடு அடுக்களையிலிருந்து வருவதை நின்று பார்க்கலாம். எவர்சில்வர் தட்டில் நான்கு டபரா, ஒவ்வொன்றின் நடுவிலும் நுரை ததும்பும் ஒரு டம்ளர். தட்டுக்கு அடியில் மடித்த கரித்துணி. நிலைப்படி அருகே வந்ததும் ஒரு கணம் நிற்பார். கால் படியைத் தொட்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பார். கண் டம்ளரில் இருக்காது, தரையில் இருக்கும்.

போன கோடை விடுமுறையில் ஒரு மலையூரில் ஏ.டி.வி. ஓட்டியபோது எனக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வந்தது. மோட்டார் சைக்கிள்போல் இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை, ஹேண்டில்பார், உருண்டு திரண்ட நான்கு டயர்கள் என்று, மேடு, பள்ளம், சேறு, மணல் எல்லாவற்றிலும் ஏறி இறங்கும் வண்டி அது. சீட்டு வாங்கியதும் அங்கிருந்த இளைஞர் வண்டியைக் காட்டி, "கட்டைவிரலால இதை அமுக்கினா போகும் சார், விட்டா நிக்கும். நாலு வீல் இருக்கு, விழவே விழாது" என்றார். பயிற்சி அவ்வளவுதான். பன்னிரண்டு வயது அக்கா மகனைப் பார்த்து, "தம்பியையும் பின்னால ஏத்திக்குங்க" என்றார். ஏனோ மனம் ஒப்பவில்லை. அவனை வேலியோரம் நிறுத்திவிட்டுத் தனியாக ஏறினேன்.

மண் தடத்தில் இரண்டு சுற்று சுகமாகப் போனது. மூன்றாவது சுற்றின் முடிவில், சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு எதிரே போட்டிருந்த சிமென்ட் தரையில் அதே வேகத்தில் வளைத்தேன். உள்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. என்னை அறியாமல் மறுபக்கம் காலை ஊன்றப் போனேன். "காலைக் கீழ வைக்காதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். கட்டைவிரல் தானாகத் தளர்ந்தது. தூக்கிய சக்கரங்கள் தொப்பென்று திரும்பத் தரையில் உட்கார்ந்தன. வண்டி உடனே நின்றுவிட்டது, கை நடுக்கம் நிற்கத்தான் வெகுநேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா மகன் கேட்டான்: "நாலு வீல் இருந்தும் ஏன் மாமா தூக்குச்சு?"

பதில் சொல்ல அவனை அடுக்களைக்கே கூட்டிப்போனேன்.

தட்டைச் சாய்த்துப் பாருங்கள்

ஒரு தட்டில் டபராவையும் டம்ளரையும் தனித்தனியே வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றுங்கள். வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி விரியுங்கள். இப்போது தட்டின் ஒரு விளிம்பை மெல்லத் தூக்குங்கள். முதலில் விழுவது டம்ளர். டபரா வெகுநேரம் அசையாமல் இருக்கும், தண்ணீர்தான் வழியும்.

இதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கு எளிது. பாத்திரத்தின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாக வைத்துக்கொண்டால் அதுதான் ஈர்ப்பு மையம். அந்தப் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடிப்பாகத்தின் பாதி அகலம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் வருவதுதான் அந்தப் பாத்திரத்தின் உறுதி எண். எங்கள் வீட்டு டம்ளரின் உயரம் 10 சென்டிமீட்டர், அடி விட்டம் 5. நிறைந்த டம்ளரின் ஈர்ப்பு மையம் சுமார் 5 சென்டிமீட்டர் உயரத்தில், பாதி அகலம் 2.5. வகுத்தால் 0.5. தட்டு சுமார் 27 டிகிரி சாய்ந்ததும் டம்ளர் குடைசாய்ந்துவிடும். குட்டையான, அகலமான டபராவுக்கு அந்த எண் பல மடங்கு.

இப்போது அடுக்களையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். அங்கே ஏ.டி.வி.யைக் குவாட் பைக் என்பார்கள். ஆடு மாடு மேய்க்க, வேலி பார்க்க, மருந்தடிக்க என்று பண்ணைகளில் அன்றாடம் ஓடும் வண்டி. அதில் உயிர்கள் போய்க்கொண்டே இருந்ததால் 2019-இல் அந்நாட்டு அரசு தனிப் பாதுகாப்பு விதி கொண்டுவந்தது. அதன்படி வண்டியைச் சாய்மேசையில் ஏற்றி, நாம் தட்டைச் சாய்த்ததுபோலவே சாய்த்துப் பார்க்கிறார்கள். எத்தனை டிகிரியில் சக்கரம் தூக்குகிறது என்பதை அட்டையில் அச்சிட்டு, விற்பனைக்கு நிற்கும் வண்டியிலேயே தொங்கவிட வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொது உபயோக மாடல்களுக்குப் பக்கவாட்டில் குறைந்தபட்சம் 0.55 என்ற எண் கட்டாயமானது. 28.8 டிகிரிக்குக் கீழே அது குடைசாயக் கூடாது என்று அர்த்தம்.

டம்ளருக்கு 0.5. வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 0.55. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரணக் கார்களுக்கு இதே வகை எண் 1.3 முதல் 1.5 வரை இருக்கும். கார் ஒரு டபரா. ஏ.டி.வி. ஒரு டம்ளர். நான்கு சக்கரத்தைப் பார்த்ததும் நம் மனம் அதைக் காரோடு சேர்த்துவிடுகிறது, சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

சாய்வில் நின்றால் மட்டும்தான் இந்த எண் வேலை செய்யும் என்றில்லை. வேகமாக வளையும்போதும் வண்டி வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில், 0.55 எண் கொண்ட வண்டியைக் குடைசாய்க்கும் அளவு அந்தத் தள்ளு எப்போது வரும் என்று கணக்குப் போட்டால், மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வேகத்தில். சைக்கிளை ஓங்கி மிதித்தால் வரும் வேகம் அது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும்.

பூரிக்கட்டையும் தூவிய மாவும்

"அப்படின்னா மண்ணுல ஏன் தூக்கலை?" என்றான் மருமகன். நியாயமான கேள்வி. அதே வண்டி, அதே வேகம், தரை மட்டும்தான் மாறியது.

சப்பாத்தி இடும்போது கவனித்திருப்பீர்கள். மாவு தூவிய பலகையில் கட்டையை வளைத்து உருட்டினால் சப்பாத்தி அழகாகச் சுற்றிக்கொண்டே விரியும். வளைத்து உருட்டும்போது கட்டையின் வெளிமுனை அதிக தூரம் போக வேண்டும், உள்முனை குறைந்த தூரம். ஆனால் கட்டை ஒரே துண்டு. இரண்டு முனையும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். அந்த வித்தியாசத்தைத் தூவிய மாவு சரிக்கட்டுகிறது, ஒரு முனை லேசாக வழுக்கிக்கொள்கிறது. மாவு தூவாத பலகையில் அதே வேகத்தில் வளைத்து உருட்டிப் பாருங்கள். கட்டை பிடித்துக்கொள்ளும், துள்ளும், மாவைக் கிழிக்கும்.

பல ஏ.டி.வி.களின் பின் அச்சு அந்தப் பூரிக்கட்டைதான். காரில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி, வளைவில் உள்சக்கரத்தை மெதுவாகவும் வெளிச்சக்கரத்தை வேகமாகவும் சுற்ற விடுகிறது. பல ஏ.டி.வி.களில் அது பின்பக்கம் கிடையாது. சேற்றிலும் மணலிலும் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து உந்தினால்தான் வண்டி நகரும் என்பதற்காக, ஒரே அச்சில் இரண்டையும் இறுக்கிவிடுகிறார்கள். மண் தடத்தில் தளர்ந்த மண்ணே தூவிய மாவு. தார் ரோட்டிலும் சிமென்ட் தரையிலும் வழுக்க இடமில்லை. ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும், வலுக்கட்டாயமாகத் திருப்பினால் துள்ளும்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. காய்ந்த தார் ரோட்டில் ரப்பர் டயரின் பிடிப்பு சாதாரணமாக 0.7-ஐத் தாண்டும். வண்டி குடைசாயும் எண் 0.55 என்றால், டயர் வழுக்குவதற்கு முன்பே வண்டி சாய்ந்துவிடும். தளர்ந்த மண்ணில் பிடிப்பு அதைவிடக் குறைவு, அதனால் சாய்வதற்கு முன் வழுக்கி ஆபத்தைத் தணித்துவிடும். நல்ல ரோடுதான் பத்திரம் என்று நம் அனுபவம் சொல்கிறது. இந்த வண்டிக்கு மட்டும் அது தலைகீழ். குறுக்கே கடப்பதைத் தவிர தார் ரோட்டில் ஏ.டி.வி. ஓட்டாதீர்கள் என்று அமெரிக்காவின் ஏ.டி.வி. பாதுகாப்பு நிறுவனம் தன் அடிப்படை விதிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

டயர் பற்றியும் ஒரு வார்த்தை. கார் டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்கும். ஏ.டி.வி. டயர்கள் பலவற்றில் 5 பி.எஸ்.ஐ. ஒட்டியே இருக்கும். நன்றாகப் பிசைந்த மாவு உருண்டையைக் கல்லின்மேல் அழுத்தினால் அது கல்லின் வடிவத்தையே பிடித்துக்கொள்வதுபோல, இந்த மெத்தென்ற டயர் மண்ணின் மேடு பள்ளத்தைத் தழுவிக்கொள்ளும். ஆனால் அண்டாச் சாம்பாரில் ஒரு சிட்டிகை உப்பு கூடினால் தெரியாது, சின்னக் கிண்ணத்தில் கூடினால் வாயில் வைக்க முடியாது. 30-இல் ஒரு பி.எஸ்.ஐ. பிசகினால் பரவாயில்லை. 5-இல் பிசகினால் ஐந்தில் ஒரு பங்கு. வலது டயரும் இடது டயரும் மாறி இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். குறைந்த அழுத்தத்துக்கென்றே விற்கும் அளவுமானியை வைத்து, டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும்.

இடுப்பில் குடம்

நிறைகுடத்தை இடுப்பில் வைத்து நடப்பவரைப் பின்னாலிருந்து பாருங்கள். குடம் இடது பக்கம் என்றால் உடம்பு வலது பக்கம் சாய்ந்திருக்கும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. குடத்தின் எடைக்கு உடம்பு எதிர் எடை.

ஏ.டி.வி. ஓட்டுவதும் அந்த வித்தைதான். வேலைக்கான வண்டி 300 கிலோ அளவில் இருக்கும். அதன்மேல் 70 கிலோ மனிதர் ஒருவர். மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நகரக்கூடிய எடை. அதை எங்கே வைக்கிறோம் என்பது சாயும் கோணத்தையே மாற்றும். ஏற்றத்தில் முன்னே சாய வேண்டும், இறக்கத்தில் பின்னே நகர வேண்டும். வளைவில் உள்பக்கம், பக்கச் சரிவில் மேட்டுப் பக்கம். காரில் நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், இங்கே ஓட்டுபவரின் உடம்பு வண்டியின் ஒரு பாகம்.

இருக்கை நீளமாக இருப்பது இதற்காகத்தான். இரண்டு பேர் உட்கார இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒருவர் முன்னும் பின்னும் நகர்வதற்கான இடம் அது. பின்னால் ஒருவரை ஏற்றினால் ஓட்டுபவர் நகர வழியில்லை, எடையும் உயரத்திலும் பின்னாலும் கூடுகிறது. ஏற்றத்தில் வண்டி மல்லாக்கக் கவிழ அதுவே போதும். இருவருக்கென்றே செய்த நீண்ட மாடல்கள் தனியாக உண்டு. மற்றவற்றில் ஆள் ஏற்றாதீர்கள் என்ற எச்சரிக்கை வண்டியிலேயே ஒட்டியிருக்கும்.

பண்ணை வேலைக்கு மருந்துத் தொட்டி கட்டி ஓட்டுபவர்களுக்குக் குடத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிறைகுடம் தளும்பாது, குறைகுடம்தான் கூத்தாடும். பாதி காலியான தொட்டியில் தண்ணீர், வண்டி சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை இன்னும் கூட்டும்.

காலைக் கீழே வைக்காதே என்று அன்று ஒருவர் கத்தியதன் காரணமும் இதோடு சேர்ந்தது. சைக்கிள் சாய்ந்தால் கால் ஊன்றிப் பழகியவர்கள் நாம். ஏ.டி.வி.யில் ஊன்றிய காலின்மேல் நம்முடைய பின்சக்கரமே ஏறிவிடும். 300 கிலோ வண்டியைக் கால் தாங்காது. கால் எப்போதும் மிதியில் இருக்க வேண்டும். தாங்க வேண்டியது உடம்பின் சாய்வு.

மூன்று கல் அடுப்பு

இந்த வண்டி பிறந்த கதையிலும் ஓர் அடுப்பு இருக்கிறது. மூன்று கல் கூட்டிய அடுப்பில் பானை ஆடவே ஆடாது, தரை எவ்வளவு கோணலாக இருந்தாலும் மூன்று கல்லும் பானையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆனால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள இடைவெளிப் பக்கம் கரண்டியால் கொஞ்சம் அழுத்திக் கிண்டுங்கள், பானை சரிந்துவிடும்.

1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த யு.எஸ்.90 மூன்று சக்கர வண்டி. குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுவதால் அப்போதும் விற்க ஒன்று வேண்டும் என்று டீலர்கள் கேட்க, பலூன்போன்ற டயர்களோடு பிறந்தது. பனியிலும் மணலிலும் நன்றாக ஓடியது, ஆடாமல் நின்றது. ஆனால் முன்பக்கத்து ஒற்றைச் சக்கரத்தின் இருபுறமும் வெறும் இடைவெளி. வளைவில் எடை அந்தப் பக்கம் போனதும் பானை சரிந்த கதைதான். 1980-களின் தொடக்கத்தில் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அதற்குள் மூன்று சக்கர வண்டிகளில் காயங்களும் மரணங்களும் குவிந்திருந்தன. 1988-இல் அமெரிக்க அரசுக்கும் பெரிய உற்பத்தியாளர்களுக்கும் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டு, புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை நின்றது. வாங்குபவர்களுக்குப் பயிற்சி தரவும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2008-இல் வந்த சட்டம் அந்தத் தடையை உறுதியாக்கியது.

நாலாவது சக்கரம் ஆபத்தைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. தார்ச் சாலைக்கு வெளியே ஓடும் இவ்வகை வண்டிகளால் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் 700-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள், சுமார் ஒரு லட்சம் பேர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

கவிழ்த்த பாத்திரத்துக்கு அடியில் ஒரு கரண்டி

கழுவிய பாத்திரத்தை மேடையில் கவிழ்க்கும்போது அம்மா விளிம்புக்கு அடியில் ஒரு கரண்டியைச் செருகி வைப்பார். உள்ளே காற்று போக வேண்டும் என்பதற்காக. ஆஸ்திரேலிய விதியின் இன்னொரு பாதி அந்தக் கரண்டி. குடைசாய்ந்த வண்டிக்கு அடியில் சிக்கி, மார்பு அழுந்தி, மூச்சு முட்டி இறந்தவர்கள் அங்கே அநேகம். அதனால் இருக்கைக்குப் பின்னால் உறுதியான வளைவு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கினார்கள். வண்டி கவிழ்ந்தாலும் தரைக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் மூச்சுவிட இடம் கிடைக்கும். இந்த விதியை ஏற்க மனமில்லாமல் சில பெரிய நிறுவனங்கள் அந்நாட்டுச் சந்தையிலிருந்தே விலகின. அரசு பின்வாங்கவில்லை.

ஹெல்மெட்டின் வேலை வேறு. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்குவதன் மூலம் அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழாது, ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. வாடகை வண்டியோடு தரும் ஹெல்மெட்டைத் தலையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். தனியாக ஆடினால் வேறு கேளுங்கள். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் கிளையும் கல்லும் கிழிக்காமல் இருக்க. அயர்லாந்தில் 2023 நவம்பர் முதல், வேலைக்காகக் குவாட் பைக் ஓட்டுபவருக்குப் பயிற்சியும் ஹெல்மெட்டும் சட்டப்படி கட்டாயம்.

பிள்ளை கையில் கொதிக்கும் அண்டா

பத்து வயதுப் பிள்ளையைக் கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்கிவரச் சொல்வோமா? பிள்ளைக்குப் புத்தி இல்லை என்பதால் அல்ல, அண்டாவுக்கு எதிர் எடையாக அந்த உடம்பு போதாது என்பதால். 30 கிலோப் பிள்ளை 300 கிலோ வண்டியில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வண்டிக்கு அது தெரியாது. 16 வயதுக்குக் கீழே ஏ.டி.வி. வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் உறுதியான நிலைப்பாடு. உற்பத்தியாளர்கள் ஆறு வயதிலிருந்து வயது வாரியாகச் சின்ன வண்டிகள் செய்கிறார்கள். அவற்றில், அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல், பெரியவர்கள் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்க முடியும். சில வண்டிகளில் பிள்ளையின் கையில் மாட்டும் கயிறு ஒன்றும் உண்டு. பிள்ளை விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜின் நிற்கும். எப்படியானாலும் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெரிய வண்டியில் ஏறக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால்

இதுவரை பார்த்தது சிந்தாமல் இருக்கும் வழி. சிந்திவிட்டால் துடைப்பது காப்பீடு. "நாலு வீல் இருக்கு, விழாது" என்பதன் தம்பிதான் "பாலிசி இருக்கு, பணம் வரும்" என்ற நம்பிக்கை. வண்டிக்கு இருப்பதுபோலவே பாலிசிக்கும் சாயும் கோணம் உண்டு.

ஏ.டி.வி. சொந்தமாக வைத்திருப்பவர்கள் மிகுந்த அமெரிக்காவில் இதற்கென்றே தனி பாலிசிகள் இருக்கின்றன. அவற்றை அஞ்சறைப்பெட்டியாகப் பார்த்தால் எளிதாகப் புரியும். கடுகு வேண்டிய இடத்தில் சீரகம் உதவாது, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வேலை.

முதல் கிண்ணம் பொறுப்புக் காப்பீடு. நம் வண்டியால் இன்னொருவருக்குக் காயமோ அவர் பொருளுக்குச் சேதமோ ஆனால் அவருக்குக் கொடுப்பது. இரண்டாவது மோதல் சேதம். மரத்திலோ பாறையிலோ மோதி, கவிழ்ந்து நம் வண்டி உடைந்தால். மூன்றாவது திருட்டு, தீ, வெள்ளம்போன்றவை. நான்காவது மருத்துவச் செலவு, தப்பு யாருடையது என்று பாராமல் ஓரளவு தருவது. ஐந்தாவது, இடித்தவரிடம் காப்பீடே இல்லையென்றால் நம்மைக் காப்பது. பிறகு வாங்கி மாட்டிய உதிரிகளுக்கு, இழுவைக் கருவிக்கு, பெட்டிக்கு என்று ஒரு சின்னக் கிண்ணமும் சேர்க்கலாம். பெட்டி இருக்கிறது என்பது போதாது. எந்தக் கிண்ணம் நிறைந்திருக்கிறது, எது காலி என்று மூடியைத் திறந்து பார்க்க வேண்டும்.

நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் உள்ள கிண்ணங்களில் முதல் கரண்டி நம்முடையது. 500 டாலர் டிடக்டபிள் என்றால், 3,000 டாலர் சேதத்தில் முதல் 500-ஐ நாம் போட வேண்டும், நிறுவனம் 2,500 தரும். அந்தக் கரண்டியைப் பெரிதாக்கிக்கொண்டால் பிரீமியம் குறையும். அடுத்தது தேய்மானம். பத்து வருஷ மிக்ஸியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வாங்கிய விலையா தருகிறார்கள்? திருடுபோன வண்டிக்குப் பல பாலிசிகள் தருவதும் அன்றைய மதிப்புத்தான். பிரீமியத்தை வண்டியின் வகை, என்ஜின் அளவு, ஓட்டுபவரின் வயது, முந்தைய விபத்துகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் குறைத்தும் தருகின்றன.

அங்கே பலர் சறுக்கும் இடம் வீட்டுக் காப்பீடு. வீட்டுப் பாலிசி இருக்கிறதே, அது போதும் என்று இருந்துவிடுவார்கள். வழக்கமான வீட்டுப் பாலிசி, சொந்த ஏ.டி.வி.யால் அடுத்தவருக்கு வரும் தீங்கை வீட்டு நிலத்துக்குள் மட்டுமே ஏற்கும். வேலி தாண்டிப் பொதுத் தடத்துக்குப் போய்விட்டால் அந்தப் பொறுப்பு அறுந்துவிடும். அந்த ஏ.டி.வி. திருடுபோனாலும் பொதுவாக அதில் வராது. நியூயார்க் மாநிலத்தில் சொந்த நிலத்துக்கு வெளியே ஏ.டி.வி. ஓட்டப் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். பல மாநிலங்களில் சட்டம் கேட்பதில்லை. சட்டம் கேட்காததால் மருத்துவமனைக் கட்டணம் குறைந்துவிடுவதில்லை. பந்தயம், வாடகைக்கு விடுவது, ஒருவர் வண்டியில் இருவர் ஏறுவது போன்றவற்றை விலக்கும் வரிகளும் பாலிசிகளில் இருக்கும்.

நம் ஊர்த் தடத்தில்

நம்மில் பெரும்பாலோர் ஏ.டி.வி.யைச் சொந்தமாக வாங்குவதில்லை. மலையூரிலோ கடலோர ரிசார்ட்டிலோ அரை மணி நேரம் வாடகைக்கு ஓட்டுகிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் இங்கே வேறு.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓட்டுவதற்கென்று ஆக்கிய விசேஷ வண்டியை, அதே சட்டத்தின் 2(28) பிரிவு மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. வேலியடைத்த தடத்தில் நம்பர் பிளேட் இல்லாமல் ஓடும் ஏ.டி.வி.க்குப் பின்னால், ரோட்டு வண்டிகளுக்கு இருப்பதுபோன்ற மோட்டார் பாலிசி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நடத்துபவர் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறாரா, ஓட்டுபவருக்கு விபத்துக் காப்பீடு சீட்டு விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 2018 சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் ஏ.டி.வி. சவாரியும் உண்டு, ஆகவே இந்தக் கேள்வி கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அடுத்து நம் சொந்தப் பாலிசி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளைத் தரப்படுத்தியபோது, சாகச விளையாட்டு பற்றிய ஒன்பதாவது விலக்கை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாசகமாக்கியது. அதில் ஒரு சொல்லைக் கூர்ந்து படிக்க வேண்டும். தொழில்முறையாக அத்தகைய விளையாட்டில் ஈடுபட்டு வந்த காயங்களுக்கான சிகிச்சையைத்தான் அது விலக்குகிறது. விடுமுறைக்குப் போய் ஒரு சுற்று ஓட்டியவர் தொழில்முறைக்காரர் இல்லை. "அட்வென்ச்சர் ஸ்போர்ட்ஸ் கவர் ஆகாது" என்று யாராவது போனில் சொல்லிவிட்டால் நம்பி விட்டுவிடாமல், அந்த வரியை எடுத்துக் காட்டி எழுத்தில் கேளுங்கள். தனிநபர் விபத்து பாலிசி வேறு பாத்திரம், அதன் விலக்குகளைத் தனியே படிக்க வேண்டும். துபாய்ப் பாலைவனத்தில் குவாட் பைக் ஓட்டப் போகிறவர்கள், பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நடத்துபவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், போட்டதைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

ஏறும் முன்

அன்று நான் செய்யத் தவறியவை இவை. டயர்கள் நான்கையும் விரலால் அழுத்திப் பார்க்கவில்லை. கட்டைவிரலை எடுத்ததும் ஆக்சிலரேட்டர் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்று என்ஜினைப் போடும் முன் சோதிக்கவில்லை. நிறுத்தும் பொத்தான் எங்கே என்று கேட்கவில்லை. தடத்தை ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் சிமென்ட் தரை கண்ணில் பட்டிருக்கும். காப்பீடு பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

அக்கா மகன் தட்டைச் சாய்த்துச் சாய்த்து விளையாடிக்கொண்டிருந்தபோது டம்ளர் கடைசியாக ஒருமுறை விழுந்து தண்ணீர் மேடையெல்லாம் ஓடியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் கரித்துணியை எடுத்துத் துடைத்தார். பிறகு அதே துணியைப் பிழிந்து, மடித்து, தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மாலைக் காபியோடு கிளம்பினார். "அதான் துணி இருக்கே பாட்டி, வேகமாப் போங்க" என்றான் அவன்.

"துணி சிந்தினதைத் துடைக்கும்டா கண்ணு. சுட்ட கையை ஆத்துமா?" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியில் ஒரு கணம் நின்று, காலால் படியைத் தொட்டுப் பார்த்து, தாண்டினார்.